கூறு வைத்தவரின் பங்கு

கோழியைத் தலைகீழாகப் பிடித்து, வாலடியில் இறகை ஊதி விலக்கிப் பார்ப்பார். ஊதிய இடத்தில் தோல் மஞ்சளாகத் தெரிந்தால் உள்ளே கொழுப்பு இருக்கிறது. வெளிறிப் போய்த் தெரிந்தால் மெலிந்த கோழி. அப்புறம் நெஞ்செலும்பை இரண்டு விரலால் தடவுவார். எலும்பு கூராகக் கையில் தட்டினால் அந்தக் கோழியைக் கூட்டுக்குள்ளேயே திருப்பி விட்டுவிடுவார். எலும்பே தெரியாமல் சதை மூடியிருந்தால்தான் அது எங்கள் லயத்துக்கு.

சனிக்கிழமைகளில் கோழி லொறி மேலே வந்து கோயிலடியில் நிற்கும். முட்டையிட்டு ஓய்ந்த பண்ணைக் கோழிகள். டவுனில் விற்கிற புரொய்லரை விட மலிவு, இறைச்சி மட்டும் கொஞ்சம் முறுக்கு. மற்ற லயத்துக்காரர்கள் கையில் அகப்பட்டதை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் ஊதி முடிக்கிற வரைக்கும் எங்கள் லயம் காத்துக்கொண்டு நிற்கும்.

"இவ்ளோ ஊதினா கோழிக்குத் தடிமன் புடிக்கும்மா" என்பார் லொறிக்காரர்.

"புடிக்கட்டும். நாளைக்கு உசுரோடயா இருக்கப் போகுது" என்பார் இவர். சிரிக்க மாட்டார். அடுத்த கோழியின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. லயத்தின் ஒற்றைக்கூரை வரிசையில் கடைசிக் காம்பராவில் இருந்ததால் எல்லோருக்கும் அவர் கடைசிக் காம்பரா பெரியம்மா. மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, அங்கிருந்து மூச்சு வாங்க மேலே ஏற வேண்டிய தோட்டம் எங்களுடையது. நான் றொசல்லைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்து, பெரியம்மாவுக்கு அடுத்த காம்பராவில் குடியேறினேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவர் தூக்கத்தில் புரண்டு படுப்பதுகூட எனக்குக் கேட்கும்.

ஆளுக்கொரு கோழி வாங்குகிற வசதி அந்த லயத்தில் யாருக்கும் இல்லை. அதனால் எல்லோரும் சேர்ந்து வாங்குவோம். என் வீட்டுக்காரர் உரித்து வெட்டிக் கொடுப்பார். பெரியம்மா தன் வீட்டு வாசல் இஸ்தோப்பில் பொலித்தீனை விரித்து, குந்தி உட்கார்ந்து, வீட்டுக்கொன்றாகக் கூறு வைப்பார். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் நெஞ்சு, கொஞ்சம் கால், ஒரு துண்டுத் தோல், எலும்பு, மஞ்சள் கொழுப்பு என்று எல்லாம் இருக்கும். ஈரலை நகத்தளவுக்கு நறுக்கிக் கூறுக்குக் கூறு வைப்பார். வைத்து முடித்ததும் கத்தியை எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குக் கை கழுவப் போய்விடுவார். எந்தக் கூறு யாருக்கென்று பெயர் விழும்போது கூறு வைத்தவர் பக்கத்தில் நிற்கக் கூடாது. அது அவர் வைத்த சட்டம்.

அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் கூறுகளுக்கு முதுகைக் காட்டி, எதிரே தேயிலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். என் நாத்தனார் ஒரு தேயிலைக் குச்சியால் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பாள். முதுகு காட்டி நிற்பவர் ஒரு வீட்டின் பெயரைச் சொல்வார். அந்தக் கூறு அந்த வீட்டுக்கு. பெரியம்மா பீலியிலிருந்து திரும்பி வந்து, ஒவ்வொருவரும் தங்கள் கூறைச் சட்டியில் அள்ளுகிற வரை இடுப்பில் கை வைத்து நின்று பார்ப்பார். கடைசியாகத் தன்னுடையதை எடுப்பார்.

கல்யாணமாகி வந்த முதல் சனிக்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாது. கூறு வைத்து முடித்ததும், எங்கள் வீட்டுப் பக்கமாக இருந்த கூறை எடுக்கக் குனிந்தேன். புறங்கையில் ஒரு தட்டு விழுந்தது. கோழி இரத்தம் ஒட்டிய கை.

"பேர் விழட்டும் புள்ள" என்றார்.

"எல்லாம் ஒரே மாதிரித்தானே இருக்கு?"

"ஒரே மாதிரி இருக்குன்னு நீ சொல்லக் கூடாது. நானும் சொல்லக் கூடாது. பேர்தான் சொல்லணும்."

புதுப்பெண்ணை எல்லோர் முன்னாலும் அடித்துவிட்டாரே என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்றைக்கு இரவுச் சமையலில் உப்பே போடாமல் என் கோபத்தைக் காட்டினேன். அதைத் தின்றது பாவம் என் வீட்டுக்காரர்.

இந்தக் கூறுப் பைத்தியம் அவருக்கு எங்கிருந்து பிடித்தது என்பதை என் மாமியார்தான் சொன்னார். நாங்கள் குடியிருக்கிற காம்பராவில் முன்பு பெரியம்மாவின் கொழுந்தன் இருந்தாராம். அண்ணனும் தம்பியும் ஒரே சட்டியில் தின்று வளர்ந்தவர்கள். ஒரு தீபாவளிக்குக் கறி பிரித்தபோது அண்ணன் கூறில் ஈரல் கூடிப் போய்விட்டதென்று தம்பி ஒரு வார்த்தை விட்டார். அண்ணன் கையை ஓங்கிவிட்டார். அவ்வளவுதான். ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு இருவரும் பேசவே இல்லை. தம்பி நெஞ்சுச் சளியில் கிடந்து செத்தபோதும் அண்ணன் உள்ளே போகவில்லை. வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார். அடுத்த மழைக்கு அண்ணனும் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் பெரியம்மா கூறு வைக்க உட்கார்ந்தது.

அதைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்டது ஒரே ஒரு தடவை. கொழுந்து எடுக்கப் போகிற வழியில், எதையோ பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "ஒரு ஈரல் துண்டு புள்ள. நாக்குல வச்சாக் கரைஞ்சு போற சாமான்" என்றார். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

பெரியம்மா பெருத்த உடம்புக்காரர். வயது ஏற ஏற உடம்பும் ஏறியது. காலையில் இரண்டு கோதுமை ரொட்டி, கொழுந்து மலையில் இரண்டு, இரவுக்கு மூன்று. சீனி அள்ளிப் போட்ட பிளேன்டீ. எங்கள் எல்லோருடைய சாப்பாடும் அதுதான் என்றாலும் அவர் உடம்பில் அது தங்கிவிட்டது. முழங்கால் இரண்டும் வீங்கின. கூடையோடு மேட்டில் ஏற முடியாமல் பாதி வழியில் நின்று, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். பறிக்க வேண்டிய கொழுந்து நிறையாமல் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் விழுந்தது. கால் முழுசாகப் போய்விட்டால் அரைப் பேரும் இல்லை. அவருக்கு இருந்தது ஒரே மகள், அவளும் வத்தளைப் பக்கம் ஒரு கார்மெண்டில். காம்பராவிலிருந்து ஒரு ஆளாவது தோட்ட வேலையில் பேர் போட வேண்டும். இல்லாவிட்டால் இன்றைக்கில்லை என்றாலும் நாளைக்குக் காம்பராவைக் கேட்பார்கள். இது லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, முழங்காலுக்கு ஒப்பரேஷன் செய்யலாம், ஆனால் இந்த உடம்போடு முடியாது, இளைத்துக்கொண்டு வந்தால் தேதி தருகிறேன் என்றார். வெளியே நர்ஸ் மிஸ்ஸி உட்கார வைத்துச் சாப்பாட்டைச் சொல்லிக் கொடுத்தார். சிங்களப் பிள்ளை, நல்ல பிள்ளை. தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். ரொட்டி ஒன்றே ஒன்று. சீனி வேண்டாம். தேங்காய்ப்பால் வேண்டாம். பசிக்காமல் இருக்கக் கோழி சாப்பிடலாம்.

"அம்மே, ஹம எபா. தோல் வேணாம். கொழுப்பு வேணாம். நெஞ்சு மட்டும், அவிச்சு."

"நெஞ்ச மட்டும் எந்தக் கோழி குடுக்கும் மிஸ்ஸி?" என்றார் பெரியம்மா.

மிஸ்ஸி சிரித்தார். வாழ்நாளில் பெரியம்மா சொன்ன ஒரே வேடிக்கை அதுவாகத்தான் இருக்கும். அதையும் வேடிக்கைக்காகச் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம். திரும்பி வரும்போது மஸ்கெலியாவில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் தோலுரித்த நெஞ்சுத் துண்டுகளைத் தட்டில் அடுக்கி, மேலே பொலித்தீன் சுற்றி வைத்திருந்ததைக் காட்டினேன். விலையைப் பார்த்துவிட்டு, யாரோ நோயாளியைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆனால் சொன்னதைச் செய்யத் தொடங்கினார். தன் கூறில் விழுகிற நெஞ்சுத் துண்டிலிருந்து தோலை உரித்து என் மகளுக்குக் கொடுத்துவிடுவார். அவள் அதை வறுத்துத் தின்னக் காத்துக்கொண்டிருப்பாள். இறைச்சியை மட்டும் மிளகு, பூண்டு, முட்டைக்கோவாவோடு சேர்த்து நெடுநேரம் அவிப்பார். முற்றல் கோழி இலேசில் வேகாது. அவிந்த தண்ணீர் மேல் மிதக்கிற கொழுப்பைக் கரண்டியால் வழித்து எறிவார். கோழி இருக்கிற நாளில் ஒரு ரொட்டியோடு எழுந்துவிடுவார். கோழி தீர்ந்த நாளில் பசி தாங்காமல் பழையபடி மூன்று. ஒரு கூறில் இருக்கிற நெஞ்சு ஞாயிறு, திங்கள் தாண்டாது. அதனால் கொஞ்சம் இறங்குவார், திரும்ப ஏறிவிடுவார்.

கொழுப்பில்லாத கோழியைக் கண்டுபிடிக்கிற கை அவர் கைதான். கூட்டுக்குள் கை விட்டால் போதும். அப்படியும் சனிக்கிழமை மஞ்சள் தோல் கோழிகளையே தேடித் தேடி எடுத்தார்.

"மெலிஞ்சதா ஒண்ணாவது எடுங்களேன் பெரியம்மா, ஒங்களுக்கு நல்லதுதானே" என்றேன்.

"மெலிஞ்சது வறண்டு போகும். எல்லார் கொழம்புலயும் எண்ணெ மெதக்கணும்."

என் வீட்டுக்காரர் வெளிப்படையாகவே கேட்டுப் பார்த்தார். எல்லோரும் அவரவர் நெஞ்சில் ஒரு துண்டு தருகிறோம், நீங்கள் தோலையும் காலையும் எங்களுக்குத் தந்துவிடுங்கள் என்றார். லயமே வாசலில் நின்று தலையாட்டியது. பெரியம்மா கேட்டு முடித்தார்.

"இன்னைக்கு எனக்கு நெஞ்சு. நாளைக்கு இன்னொருத்தருக்கு ஈரல். அப்புறம் நான் எதுக்குக் குந்திக்கிட்டுக் கூறு வைக்கிறேன்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இனி நாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். யோசனை என் நாத்தனாருடையது. ஆமாம் போட்டவள் நான். இன்றைக்கும் அது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. பெயர் விழுந்த பிறகு, பெரியம்மா பீலியிலிருந்து திரும்புவதற்குள், ஒரு வீட்டார் தங்கள் கூறிலிருந்து நெஞ்சுத் துண்டை எடுத்து அவர் கூறில் வைப்பது. அவர் கூறிலிருந்து ஒரு இறக்கையையோ தோலையோ எடுத்துக்கொள்வது. ஒரு சனிக்கிழமை ஒரு வீடு, அடுத்த சனிக்கிழமை அடுத்த வீடு. பெயர் விழுவதில் கள்ளம் இல்லை. விழுந்த பிறகு நம்முடையதை நாம் கொடுக்கிறோம், அதை யார் கேட்பது?

என் வீட்டுக்காரர் மட்டும் முரண்டு பிடித்தார். "நான் திரும்பி நிக்கிறத நம்பித்தான் அவங்க கை கழுவப் போறாங்க" என்றார்.

"நீங்க திரும்பியே நில்லுங்க. நாங்க சொல்ற வரைக்கும் திரும்பிப் பாக்காதீங்க. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள் அவர் தங்கை.

அப்படித்தான் நடந்தது. பெயரெல்லாம் சொல்லி முடித்த பிறகும் மனுஷன் தேயிலையையே பார்த்துக்கொண்டு நிற்பார். நாங்கள் மாற்றி வைத்துவிட்டு இருமினால்தான் திரும்புவார். பெரியம்மா கத்தியைச் சேலையில் துடைத்துக்கொண்டு வருவார். நின்று பார்ப்பார். எல்லோரும் அள்ளிய பிறகு தன்னுடையதை அள்ளிக்கொண்டு போவார். நாங்கள் உள்ளே போய்ச் சிரித்துக்கொள்வோம். ஒருவருக்கு நல்லது செய்துவிட்டு ஒளித்து வைப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதே, லயம் முழுக்க அது கொஞ்ச காலம் இருந்தது.

ஆனால் உடம்பு இளைக்கவில்லை. கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் மிஸ்ஸி தராசைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அடுத்த தடவை ஏறியே இருந்தது. "அம்மே, தோல் சாப்பிடுறதா?" என்று கேட்டார். பெரியம்மா இல்லை என்று தலையாட்டினார். பஸ்ஸில் வரும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. லயமே வாயைக் கட்டி இவருக்குக் கொடுக்கிறது, இவர் இரவில் ஒளிந்து ரொட்டி தட்டித் தின்கிறாரா? சுவருக்கு அப்பால் ரொட்டி தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வாய்விட்டும் சொன்னேன்: "ஒங்களுக்குக் கால் வேணும்னு ஒங்களுக்குத்தான் தோணணும் பெரியம்மா." அவர் ஜன்னல் வழியே நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மா ஏதாவது ஒரு வீட்டுக்கு ஒரு எனாமல் கிண்ணத்தில் கறி கொண்டுபோய்க் கொடுப்பார். நீல விளிம்பு வைத்த வெள்ளைக் கிண்ணம். "கொஞ்சம் கூடிப் போச்சு" என்பார். அவருடைய நல்ல மனசு என்று வாங்கிக்கொள்வோம். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதென்று ஒரு பிடி கீரையோ நாலு மிளகாயோ போட்டுக் கொடுப்போம்.

எங்கள் முறை வந்த சனிக்கிழமை வாங்கிய கோழிகளில் ஒன்றுக்கு நெஞ்செலும்பு கோணல். கூட்டுக்குள் அடிபட்டு, எலும்பு முறிந்து, அப்படியே பொருந்தி வளர்ந்துவிட்டது போலிருக்கிறது. மேல் பாதி நேராகவும் கீழ்ப் பாதி ஒரு பக்கம் மடிந்தும் இருந்தது. அந்தத் துண்டு எங்கள் கூறில் விழுந்தது. அதில்தான் சதை நன்றாக இருந்தது. நானே என் கையால் எடுத்து அவர் கூறில் வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் நல்ல மழை. பெரியம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து எங்கள் வாசலுக்கு வந்து கிண்ணத்தை நீட்டினார். "கொஞ்சம் கூடிப் போச்சு." உள்ளே கொண்டுபோய் மூடியைத் திறந்தேன். மிளகுத் தண்ணீரில், கோவாத் துண்டுகளுக்கு நடுவே, கோணல் எலும்பு கிடந்தது. தோலுரித்து, பக்குவமாக அவித்து, ஒரு துண்டு சதைகூடக் குறையாமல்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. போன ஞாயிறு எந்த வீட்டுக்குக் கிண்ணம் போனது, அதற்கு முந்திய ஞாயிறு எந்த வீட்டுக்கு என்று நினைத்துப் பார்த்தேன். எந்த வீடு சனிக்கிழமை கொடுத்ததோ அந்த வீட்டுக்கே ஞாயிற்றுக்கிழமை திரும்பியிருந்தது. ஒரு வீடு தப்பவில்லை.

கிண்ணத்தோடு அவர் காம்பராவுக்குப் போனேன். அடுப்படியில் பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, ரொட்டியும் சம்பலும் தின்றுகொண்டிருந்தார்.

"இது என்ன பெரியம்மா?"

"கறி."

"எங்க வீட்டுத் துண்டு இது."

"ஆமா. ஒங்க வீட்டுத் துண்டு ஒங்க வீட்டுக்கு வந்திருக்கு."

"எப்பருந்து தெரியும் ஒங்களுக்கு?"

"மொதக் கெழமையே. நான் வச்ச கூறு எனக்குத் தெரியாதா? எல்லாரும் அள்ளும்போது பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா எல்லாருக்கும் மொகம் செத்துப் போகும். ஆசையா செஞ்சீங்க."

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. "ஒங்க காலுக்காகத்தானே செஞ்சோம்?" என்று கத்தினேன்.

"கால் எனக்கு. கூறு எல்லாருக்கும்ல."

"எல்லாரும் மனசோட குடுத்ததுதானே?"

"இன்னைக்கு மனசோடதான் குடுப்பாங்க. நாளைக்கு ஒரு வீட்டுல புள்ளைக்குக் காய்ச்ச வரும். அந்தக் கெழவிக்குக் குடுத்தத என் புள்ள தின்னுருக்கலாமேன்னு பெத்தவ நெனப்பா. வாயத் தொறந்து சொல்ல மாட்டா. நெனப்பா."

"நெனச்சா நெனச்சிட்டுப் போறாங்க. கால் போனா காம்பரா போயிரும். அது தெரியுமா?"

அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவே இருக்கிற சுவரைக் கையால் காட்டினார்.

"இதுக்கு அந்தப் பக்கந்தான் என் கொழுந்தன் கெடந்தான். ராவெல்லாம் இருமுவான். எனக்குக் கேக்கும். கொஞ்சம் சுடுதண்ணி குடிடான்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். சொல்ல முடியாது. அப்படி ஒரு காம்பராவ வச்சுக்கிட்டு நான் என்ன புள்ள செய்ய?"

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் மிச்ச ரொட்டியைப் பிய்த்து, "ஒரு வாய் தின்னுறியா?" என்று கேட்டார். அந்தக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் லயத்தில் யாருக்கும் மாற்றி வைக்கக் கை வரவில்லை. என் வீட்டுக்காரர் பெயர் சொல்லி முடித்ததும் உடனே திரும்பிவிடுவார். பெரியம்மா முன்போலவே கூறு வைத்தார், முன்போலவே தன் பங்கை எடுத்துப் போனார். டொக்டர் தேதி தரவில்லை. ஒரு மழைக்காலத்தில் மலையில் வடிகான் ஓரம் வழுக்கி விழுந்தார். அதற்குப் பிறகு கூடை தூக்கவில்லை. கொஞ்ச காலம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆபீசிலிருந்து ஆள் வந்து, வேலைக்கு வருகிற குடும்பம் ஒன்று காம்பராவுக்குக் காத்திருக்கிறது என்று மரியாதையாகத்தான் சொன்னார்.

மகள் வந்து வத்தளைக்குக் கூட்டிப்போனாள். போன நாள் வெள்ளிக்கிழமை. "ஒரு நாள் பொறுத்து, கூறு வச்சிட்டுப் போங்களேன்" என்று என் நாத்தனார் சொன்னாள். மகளுக்கு லீவு இல்லை. ஓட்டோவில் ஏற இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. நீல விளிம்புக் கிண்ணம் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டது. அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கவும் மனமில்லை, உள்ளே போட்டுக் கொடுக்கவும் எதுவும் இல்லை.

வத்தளையில் மகளுக்கு ஒரு அறை. மேல் மாடி. ஏறியவர் இறங்கவே இல்லையாம். போனில் பேசும்போது, "இங்க கோழி கடையில தனித்தனியா இருக்கு புள்ள. நெஞ்சு வேற, கால் வேற. யாரும் யாரோடயும் பிரிக்கத் தேவையில்ல" என்றார். நல்லதுதானே என்றேன். கொஞ்ச காலத்தில் சாவுச் செய்தி வந்தது. கருமாதி அங்கேயே முடிந்துவிட்டது. லயத்திலிருந்து போக முடிந்தது நாங்கள் சிலர்தான்.

அவர் வத்தளைக்குப் போன பிறகு லயத்தில் கூறு வைப்பது நின்றுபோயிருந்தது. கருமாதிக்கு அடுத்த சனிக்கிழமை லொறி வந்தபோது என் நாத்தனார், "சேந்து வாங்குவோமா அண்ணி?" என்று கேட்டாள். நான் போய்க் கோழியைத் தலைகீழாகப் பிடித்து ஊதினேன். ஊத ஊத எனக்கு எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. லொறிக்காரர் கேலி ஒன்றும் சொல்லவில்லை. "அந்தம்மா இல்லயா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கும் இப்போது உடம்பு பெருத்துவிட்டது. போன மாதம் வேறொரு மிஸ்ஸி, அதே பேச்சு. தோல் வேண்டாம், கொழுப்பு வேண்டாம், நெஞ்சு மட்டும். என் வீட்டுக்காரர் நோயில் வேலையை விட்டுவிட்டார். எங்கள் காம்பராவுக்குப் பேர் போடுவது நான் ஒருத்திதான். காலையில் மேட்டில் ஏறும்போது முழங்காலில் ஏதோ கொக்கி மாட்டி இழுக்கிறது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. நான் படியிறங்குவதை லயம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இஸ்தோப்பில் பொலித்தீன் விரித்துக் கூறு வைத்தேன். எல்லாவற்றிலும் எல்லாம் வைத்தேன். ஈரலை நகத்தளவுக்கு நறுக்கி வைத்தேன். கத்தியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். தண்ணீர் விரலைக் கடித்தது. மேலே பெயர்கள் விழுவது கேட்டது. திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் இன்னும் தேயிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ இருமினார்கள். அவர் திரும்பினார்.

என் கூறில் தோல் இல்லை, இறக்கை இல்லை. நான் வைத்ததைப் போல மூன்று பங்கு நெஞ்சு இருந்தது. எல்லோரும் அவரவர் சட்டியைப் பார்த்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தேன். எந்தெந்தக் கூறில் நெஞ்சு குறைகிறதென்று எனக்கும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மிளகும் கோவாவும் போட்டு அவித்தேன். மேலே மிதந்ததை வழித்து எறிந்தேன். நீல விளிம்புக் கிண்ணத்தை எடுத்து, என்னுடையதல்லாத துண்டுகளை அதில் போட்டு மூடி, வாசல் வரைக்கும் வந்தேன். இஸ்தோப்பிலிருந்து ஒரு படி இறங்கினேன். முழங்கால் பிடித்து இழுத்தது. படியிலேயே நின்றேன். லயம் முழுக்க அடுப்புப் புகை. கடைசிக் காம்பரா வாசலில் புதுக் குடும்பத்தின் துணி ஈரமாகத் தொங்கியது. நேற்றுக் கொடுத்த வீடுகளில் அதுவும் ஒன்று. வந்து சில மாதம்தான் ஆகிறது, பெரியம்மாவை அவர்களுக்குத் தெரியாது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

திரும்பி உள்ளே போய், அடுப்படியில் உட்கார்ந்து, அந்தக் கிண்ணத்திலேயே தின்றேன். உங்களுக்கும் இது முடிந்திருக்கும் பெரியம்மா, உங்கள் கையைப் பிடித்து யாரும் தடுக்கவில்லை. இறைச்சி நன்றாக வெந்திருந்தது. ஒவ்வொரு வீட்டுத் துண்டாகத் தின்று முடித்தேன். கடைசிக் காம்பராவிலிருந்து வந்ததைக் கடைசியாக எடுத்தேன். நாளைக்குக் காலையில் பேர் போடப் பெரட்டுக்குப் போக வேண்டும். அதையும் தின்றேன்.